வஸ்துவும் வளர்ப்பும்

ஒரே வஸ்துவைப் பார்க்கும் இருவர் ஒன்றையே காண்கிறார்களா என்ற கேள்வி மிகப் பழையது. மணிமேகலைக் காப்பியத்தின் இருபத்தொன்பதாம் காதையில் பௌத்த தர்க்கத்தை உபதேசிக்கப் புகும் அறவண அடிகள், பெயர், ஜாதி, குணம், கிரியை என்பவை ஒன்றும் கலவாத வெறும் உணர்வே பிரத்தியட்சம் என்று வரையறுக்கிறார். காஞ்சிக்கு அருகே பிறந்தவர் என்று மரபு கூறும் திங்நாகரின் கொள்கையும் இதனையே ஒத்தது. சொல்லின் கலப்பில்லாத அறிவு உலகில் இல்லவே இல்லை என்பது பர்த்ருஹரியின் கட்சி. பிற்கால நையாயிகர்களோ, முதற் கணத்தில் தோன்றும் நிர்விகல்பக் காட்சி வேறு, 'இது குடம்' என்று பெயரோடும் ஜாதியோடும் தெளியும் சவிகல்பக் காட்சி வேறு எனப் பிரத்தியட்சத்தையே இரு கூறாக்கிச் சமாதானம் கண்டார்கள். வெறும் காட்சியின்மேல் வந்து படியும் அந்தத் தெளிவுக்கு முன் அனுபவத்தின் சம்ஸ்காரத்தை, அல்லது வாசனையைக் காரணமாகக் கூறுவது நம் தரிசனங்களுக்குப் பழக்கமான வழி. அந்த வாசனை எந்த வீட்டில், எந்த ஊரில், யார் கையால் ஏற்றப்பட்டது என்று விசாரிக்கும் பொறுப்பு நம் காலத்து மனோதத்துவ அறிஞருக்கும் மானிடவியலாருக்கும் வந்து சேர்ந்தது.

உயிரியல் அறிஞர் யாக்கோப் ஃபொன் யூக்ஸ்கூல் 1934-இல் ஜெர்மன் மொழியில் வெளியிட்ட சிறு நூலொன்றில் ஓர் ஓக் மரத்தை உதாரணமாக எடுத்துக்கொண்டார். மரம் வெட்ட வந்த முதிய காட்டுத்தொழிலாளிக்கு அது இத்தனை அளவு விறகு. பட்டையின் முடிச்சில் மனித முகத்தைக் கண்டு அஞ்சும் சிறுமிக்கு அது ஒரு பூதம். வேர்களுக்கிடையே வளை தோண்டிய நரிக்கு அது கூரை. ஆந்தைக்கோ அதன் கிளைகள் காவல். ஒவ்வொரு பிராணியும் தன் உடலமைப்புக்கும் தேவைக்கும் ஏற்ற ஓர் உலகத்தைத் தன்னைச் சுற்றி அமைத்துக்கொண்டு அதற்குள்ளேயே வாழ்கிறது என்பது அவர் சித்தாந்தம். நரிக்கும் ஆந்தைக்கும் உள்ள வேற்றுமைக்கு உடலின் வேற்றுமையே போதிய காரணமாகும்; ஆனால் தொழிலாளியும் சிறுமியும் ஒரே ஜாதிப் பிராணிகள். அவர்களுக்குள் விளையும் வேற்றுமைக்கு வயதும் வளர்ப்பும் தொழிலும் சூழ்நிலையுமே காரணமாக வேண்டும்.

இவை எவ்வளவு தூரம் காரணமாகின்றன என்பதைப் பற்றிச் ஒரு நூற்றாண்டுக்கு மேலாக நடந்துவரும் ஆராய்ச்சிகள் ஒன்றோடொன்று முரண்படுவதும் உண்டு. எனினும் அவற்றை ஒருங்கே வைத்து நோக்குவோருக்கு ஒரு செய்தி புலனாகும். வளர்ப்பும் சூழ்நிலையும் பெரும்பாலும் தீர்மானிப்பது, ஒரு வஸ்துவைக் கண்ட மாத்திரத்தில் மனத்தில் முந்திக்கொண்டு தோன்றும் அர்த்தம் எது என்பதையே. அந்த மனம் எட்டக்கூடிய அர்த்தங்களின் எல்லையை அவை அவ்வளவு எளிதில் குறுக்கிவிடுவதில்லை. இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதே இத்துறையில் நேர்ந்த பல தவறான முடிவுகளுக்கு மூலமாயிற்று என்பதை இக்கட்டுரை எடுத்துக்காட்ட முயல்கிறது.

கண்ணின் சாட்சி

1898-இல் ஹாடன் என்பவரின் தலைமையில் கேம்பிரிட்ஜிலிருந்து ஒரு குழு, ஆஸ்திரேலியாவுக்கும் நியூகினிக்கும் இடையே உள்ள டாரெஸ் நீரிணைத் தீவுகளுக்குச் சென்றது. அக்குழுவில் ஒருவரான ரிவர்ஸ், கண்ணை ஏமாற்றும் சில கோட்டுருவங்களைத் தீவினரிடம் காட்டிப் பரிசோதித்தார். அவற்றுள் ஒன்று 1889-இல் முல்லர்-லயர் என்பவர் வெளியிட்ட உருவம்: இரண்டு சம நீளக் கோடுகளில் ஒன்றின் முனைகளில் அம்புத்தலை உட்புறமாக மடிந்தும் மற்றொன்றின் முனைகளில் வெளிப்புறமாக விரிந்தும் இருப்பின், விரிந்தது நீளமானதாகத் தோன்றும். 1901-02-இல் நீலகிரிக்கு வந்து தோடர்களிடையே தங்கியபோதும் ரிவர்ஸ் இதே பரிசோதனைகளை நடத்தினார். தோடர்களைப் பற்றி 1906-இல் அவர் வெளியிட்ட பெருநூல் இன்றும் அம்மக்களைப் பற்றிய ஆராய்ச்சிக்கு ஆதாரமாக விளங்குகிறது. தீவினரும் சரி, தோடர்களும் சரி, முல்லர்-லயர் உருவத்தில் ஆங்கிலேயரைக் காட்டிலும் குறைவாகவே ஏமாந்தார்கள். ஆனால் செங்குத்துக் கோடு கிடைக்கோட்டைவிட நீளமாகத் தோன்றும் வேறொரு மயக்கத்தில் ஆங்கிலேயரைக் காட்டிலும் அதிகமாக ஏமாந்தார்கள். 'நாகரிகமற்ற' மக்களின் புத்தி ஒட்டுமொத்தமாகத் தாழ்ந்தது என்றோ, அவர்கள் கண் ஒட்டுமொத்தமாகக் கூர்மையானது என்றோ சொல்லித் திருப்தியடைந்திருந்தவர்களுக்கு இம்முடிவு பெரும் இடையூறாயிற்று. ஒரே கண் ஓரிடத்தில் குறைவாகவும் மற்றோரிடத்தில் அதிகமாகவும் ஏமாறுமானால், காரணத்தைக் கண்ணில் தேடுவதைவிட அக்கண் பழகிய காட்சிகளில் தேடுவதே பொருத்தம் அல்லவா?

இந்த ஊகத்தைச் செகால், காம்ப்பெல், ஹெர்ஸ்கோவிட்ஸ் என்னும் மூவர் 1966-இல் ஒரு சித்தாந்தமாகவே வகுத்தனர். ஆப்பிரிக்காவின் பல சமூகங்களிலும், பிலிப்பைன்ஸிலும், அமெரிக்காவின் எவான்ஸ்டன் நகரத்திலும் திரட்டிய விடைகளை ஒப்பிட்டு, தச்சன் இழைத்த நேர்க்கோடுகளும் செங்கோண மூலைகளும் நிறைந்த அறைகளில் வளர்ந்தவர்களே முல்லர்-லயர் உருவத்தில் மிகுதியாக ஏமாறுகிறார்கள் என்று அவர்கள் கூறினர். வளைத்த மூங்கில்களின் மேல் வேய்ந்த கூரை தரைவரை இறங்கும் தோடர் குடிசைகளை நினைப்பவர்க்கு இக்கூற்று வெகு கவர்ச்சியாகத் தோன்றும். ஆனால் கவர்ச்சி வேறு, நிரூபணம் வேறு. பிறவியிலேயே பார்வையிழந்து, பவன் சின்ஹாவின் 'பிரகாஷ்' திட்டத்தின் வாயிலாக வட இந்தியாவில் அறுவைச் சிகிச்சையால் பார்வை பெற்ற சிறுவர்கள், எந்த அறையின் மூலையையும் கண்டு பழகுவதற்கு முன்னரே இம்மயக்கத்துக்கு ஆளாகிறார்கள் என்று 2015-இல் வெளியான ஆராய்ச்சியொன்று காட்டிற்று. எனவே மயக்கத்தின் வேர் இயற்கையிலேயே இருக்கிறது என்றும், சூழ்நிலை அதனைக் கூட்டவோ குறைக்கவோ கூடும் என்றும் கொள்வதே இப்போதைக்கு நிதானமான முடிவாகும்.

கோடுகளை விட்டுக் காசுகளுக்கு வந்தாலும் இதே பாடம் கிட்டுகிறது. புரூனரும் குட்மனும் 1947-இல் வெளியிட்ட பரிசோதனையில், பத்து வயதுச் சிறுவர்கள் ஒரு குமிழைத் திருகி, ஒளி வட்டத்தின் அளவை எதிரே உள்ள நாணயத்தின் அளவுக்கு ஒப்பாக்க வேண்டியிருந்தது. அதே அளவுள்ள அட்டை வட்டங்களைவிட நாணயங்களைச் சிறுவர்கள் பெரியனவாக மதிப்பிட்டனர். வசதியுள்ள வீட்டுச் சிறுவரைவிட ஏழைச் சிறுவர் இன்னும் பெரியனவாக மதிப்பிட்டனர். வறுமை கண்ணையே மாற்றிவிடுகிறது என்று இதை மேற்கோள் காட்டியவர் பலர். ஆனால் 1949-இல் கார்ட்டரும் ஸ்கூலரும் அப்பரிசோதனையைத் திரும்பச் செய்தபோது, காசு கண்ணெதிரே இருக்கையில் ஏழைக்கும் பணக்காரனுக்கும் உறுதியான வேற்றுமை தென்படவில்லை. காசை மறைத்துவிட்டு நினைவிலிருந்து அளவு கூறச் சொன்னபோதுதான் அது தலைகாட்டிற்று. வறுமையின் வேலை கண்ணிலன்றி நினைவில் நடக்கிறது என்பதே இவ்விரு பரிசோதனைகளையும் சேர்த்துப் படிப்போர் அடையும் தெளிவு.

கையின் பழக்கம்

காட்சியிலிருந்து உபயோகத்துக்கு வந்தால் வளர்ப்பின் பிடி இறுகுகிறது. கார்ல் டுங்கர் 1935-இல் ஜெர்மனியில் எழுதி, அவர் மறைந்த பின் 1945-இல் ஆங்கிலத்தில் வெளியான ஆராய்ச்சியில் ஒரு பிரசித்தமான புதிர் உண்டு. மெழுகுவத்தியைக் கதவில் பொருத்த வேண்டும். மேசைமேல் சிறு ஆணிகளும் தீக்குச்சிகளும் அட்டைப் பெட்டிகளும் கிடக்கின்றன. காலிப் பெட்டியை ஆணியால் கதவில் அடித்து அதன்மேல் வத்தியை நிறுத்தலாம் என்பது விடை. பெட்டிகள் காலியாகக் கிடந்தால் விடை எளிதில் தோன்றுகிறது. அவற்றுக்குள் சாமான்களை நிரப்பிக் கொடுத்துவிட்டாலோ, பெட்டி என்பது சாமான் வைப்பதற்கு என்ற எண்ணம் வேரூன்றி, அது தாங்குபலகையும் ஆகலாம் என்பது பலருக்குத் தோன்றுவதே இல்லை.

இந்தப் பிடிவாதம் மனிதன் கூடவே பிறப்பதன்று. ஜெர்மன் என்ற பெயருடைய ஆராய்ச்சியாளரும் டிஃபைட்டரும் 2000-இல் குழந்தைகளுக்கு இதுபோன்ற புதிரைக் கொடுத்தனர். பெட்டி எவ்வாறு காட்டப்பட்டாலும் ஐந்து வயதுக் குழந்தைகள் அதைக் கவிழ்த்து ஏணிப்படியாக்கத் தயங்கவில்லை. ஆறும் ஏழும் வயதானவர்களோ பெரியோரைப் போலவே திணறினார்கள். ஒரு கருவியை ஒருவர் ஒரு முறை பயன்படுத்திக் காட்டினாலே இரண்டு வயதுக் குழந்தை அதனை அவ்வேலைக்கே உரியதாகக் கருதத் தொடங்குகிறது என்று காஸ்லரும் கெலமனும் 2005-இல் கண்டனர். ஒரு வஸ்துவுக்கு ஒரு வேலை என்ற கணக்கு மழலைப் பருவத்திலேயே தொடங்குகிறது. வேறு வேலைகளை மறைக்கும் அளவுக்கு அது கெட்டிப்படுவது ஏறக்குறையப் பள்ளி செல்லும் வயதில்.

ஒவ்வொரு வேலைக்கும் தனித்தனிக் கருவி செய்து விற்கும் தொழிற்சாலை நாகரிகமே இப்பிடிவாதத்துக்குக் காரணமாக இருக்கலாமோ என்று ஐயுறுவது இயல்பு. அதே ஜெர்மனும் பாரெட்டும் ஈக்வடாரின் அமேசான் காட்டுப் பகுதியில் வாழும் ஷுவார் மக்களிடம் இதனைச் சோதித்து 2005-இல் முடிவை வெளியிட்டார்கள். அம்மக்களின் உடைமைகள் சில. ஒரே கத்தி பல வேலைகளுக்கு உதவும். இருந்தும் அவர்களும் அதே இடத்தில் அதே போல் திணறினார்கள். எந்த வஸ்துவுக்கு எந்த வேலை என்பதை ஊர் கற்பிக்கிறது. ஒன்றைக் கற்றபின் அதில் ஊன்றி நிற்கும் சுபாவம் மனித மனத்துக்கே பொது.

ஊர் கற்பிப்பது எவ்வளவு தூரம் செல்லும் என்பதற்குக் கத்தி ஒன்றே போதும். நகரத்துத் தாய் ஐந்து வயதுப் பிள்ளைக்கும் எட்டாத உயரத்தில் கத்தியை வைக்கிறாள். காங்கோ நாட்டின் இத்தூரிக் காட்டில் வாழும் எஃபே மக்களிடையே, பதினொரு மாதக் குழந்தை உறவினரின் கண்காணிப்பில் வெட்டுக்கத்தியால் பழத்தை அறுக்கும் காட்சியைப் பார்பரா ரோகாஃப் தம் நூலில் எடுத்துக்காட்டியுள்ளார். முன்னதற்குக் கத்தி என்பது ஆபத்தின் உருவம். பின்னதற்கு அது சாப்பாட்டின் ஒரு பகுதி. இருவருள் யார் கத்தியைச் சரியாக அறிந்தவர் என்று கேட்பது வீண். கத்தியில் இரண்டும் உண்டு, எது முதலில் அறிமுகமாயிற்று என்பதில்தான் பேதம்.

இனம் பிரிக்கும் முறை

வஸ்துக்களை ஒன்றோடொன்று சேர்த்தும் பிரித்தும் பார்க்கும் முறையில் சூழ்நிலையின் பங்கைப் பற்றி நடந்த ஆராய்ச்சிகளுள் தலையாயது, அலெக்ஸாண்டர் லூரியா 1931-லும் 1932-லும் மத்திய ஆசியாவில், உஸ்பெக்கிஸ்தானத்துக் கிராமங்களிலும் மலைப் பகுதிகளிலும் நடத்தியது. அரசியல் காரணங்களால் அதன் முழு வரலாறு 1974 வரை நூலாக வெளிவரவில்லை. வட்டம், முக்கோணம், சதுரம் ஆகியவற்றைக் காட்டியபோது, எழுத்தறியாத பெண்கள் வட்டத்தைத் தட்டு என்றும் சல்லடை என்றும் சந்திரன் என்றும், முக்கோணத்தைத் தாயத்து என்றும், சதுரத்தைக் கண்ணாடி என்றும் கதவு என்றும் சொன்னார்கள். ஆசிரியப் பயிற்சி பெற்றுக்கொண்டிருந்த பெண்களோ கணிதப் பெயர்களையே சொன்னார்கள். சுத்தியல், ரம்பம், கோடரி, மரக்கட்டை என்னும் நான்கில் சேராத ஒன்றை நீக்கச் சொன்னபோது, எழுத்தறியாத குடியானவர் எதையும் நீக்க இசையவில்லை: கட்டை இல்லாவிட்டால் ரம்பத்துக்கும் கோடரிக்கும் என்ன வேலை என்பது அவர்கள் கட்சி. மூன்றும் கருவிகள் என்று வேறொருவர் சொன்னதாக எடுத்துக்காட்டினாலும் அதை அவர்கள் மதியாதவர்களாய் மறுத்தார்கள். சிறிது காலமே பள்ளியில் பயின்றவர்களும் கூட்டுப்பண்ணை நிர்வாகத்தில் பங்கெடுத்தவர்களும் கட்டையை நீக்கிவிட எளிதில் இசைந்தார்கள்.

இதனைப் படித்து, கல்வியில்லாதவனுக்குச் சாமானியக் கருத்துக்களை எட்டும் சக்தியே இல்லை என்று முடிவுகட்டியவர் உண்டு. அம்முடிவின் அடித்தளத்தை அசைத்தது, லைபீரியாவில் க்பெல்லே மக்களிடையே மைக்கேல் கோலும் அவருடைய துணைவரும் நடத்தி 1971-இல் வெளியிட்ட ஆராய்ச்சி. உணவு, உடை, கருவி, பாத்திரம் என்னும் வகைகளைச் சேர்ந்த இருபது சாமான்களைக் கலந்து வைத்து, சேர வேண்டியவற்றைச் சேர்க்கச் சொன்னால் அவர்கள் கத்தியை ஆரஞ்சோடும் மண்வெட்டியைக் கிழங்கோடும் சேர்த்தார்கள். அறிவுள்ளவன் இப்படித்தான் செய்வான் என்றும் சொல்லிக்கொண்டார்கள். சலிப்படைந்த ஆராய்ச்சியாளர் கடைசியில், அறிவில்லாதவன் எப்படிச் சேர்ப்பான் என்று கேட்டார். உடனே உணவு ஒரு பக்கம், உடை ஒரு பக்கம், கருவி ஒரு பக்கம், பாத்திரம் ஒரு பக்கம் என, மேல்நாட்டுப் பள்ளிக்கூடம் எதிர்பார்க்கும் வகைப்படியே அவை பிரிந்து நின்றன. அந்த வகைப்பாடு அவர்கள் மனத்தில் இல்லாமல் இல்லை. அது மதிக்கத்தக்கதென்று அவர்கள் வாழ்க்கை கற்பிக்கவில்லை, அவ்வளவே. லூரியாவின் குடியானவரிடம் இந்தக் கேள்வியை யாரேனும் கேட்டிருந்தால், அவரது நூலின் சில அத்தியாயங்கள் வேறுவிதமாக அமைந்திருக்கலாம்.

வீட்டின் போதனை

முதலில் தோன்றும் அர்த்தத்தைக் கற்பிக்கும் பாடசாலை வீடு. வஸ்துவின் மதிப்பை வீடு வியாக்கியானத்தால் போதிப்பதில்லை. தடையாலும் பழக்கத்தாலும் போதிக்கிறது. தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் புத்தகத்தின்மேல் கால் பட்டால் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்ள வேண்டும் என்பதையும், உலக்கையைத் தாண்டக் கூடாது, உரலின்மேல் உட்காரக் கூடாது, விளக்கு வைத்த நேரத்தில் பெருக்கிக் கொட்டக் கூடாது என்பவற்றையும் குழந்தை காரணம் அறியாமலே கற்றுக்கொள்கிறது. ஏன் என்று கேட்டால் 'இலட்சுமி போய்விடுவாள்' என்ற விடை வரும். விடை வருவதற்கு முன்பே உடம்பு பணிந்துவிட்டிருக்கும். ஆயுத பூஜையன்று ரம்பமும் தராசும் தையல் இயந்திரமும் லாரியும் சந்தனமும் குங்குமமும் பெறுவதைச் சிறு வயது முதல் கண்டு வளர்ந்த தொழிலாளிக்குக் கருவி என்பது வெறும் இரும்பாக ஒருபோதும் தோன்றுவதில்லை. அவன் தெய்வ நம்பிக்கையைக் கைவிட்டவனாகவே இருந்தாலும், அதைக் காலால் தள்ளும்போது உள்ளே ஒரு கூச்சம் மிஞ்சி நிற்கும். நம்பிக்கை நீங்கியபின்னும் நீங்காத இக்கூச்சமே வளர்ப்பின் உண்மையான சுவடு என்று கருதலாம்.

குழந்தையின் முதல் உடைமையைக் குறித்து ஆங்கில மனோ வைத்தியர் வின்னிகாட் 1951-இல் ஒரு கொள்கையை முன்வைத்தார். தாயிடமிருந்து பிரிந்து உறங்கப் பழகும் குழந்தை, போர்வை முனையையோ துணிப் பொம்மையையோ தாய்க்கும் வெளி உலகுக்கும் நடுவே ஓர் இடைப்பொருளாகப் பற்றிக்கொள்கிறது என்பது அதன் சாரம். இது எல்லாக் குழந்தைகளுக்கும் பொதுவான படி என்றே முதலில் பலர் எண்ணினர். ஆனால் இத்தாலியில் காடினி தம்பதியர் 1970-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், தாயோடு உறங்கும் கிராமத்துக் குழந்தைகளிடையே இப்பற்று அரிதாகவும், ரோம் நகரத்துக் குழந்தைகளிடையே அதைவிட மிகுதியாகவும் காணப்பட்டது. கொரியக் குழந்தைகளை அமெரிக்கக் குழந்தைகளோடு ஒப்பிட்டு 1976-இல் வெளியான ஆராய்ச்சியும் இதே திசையில் சென்றது. தாயின் பழம்புடவையைத் தூளியாகக் கட்டி அதிலேயே குழந்தையை உறங்க வைக்கும் நம் வழக்கத்தில், தாய்க்குப் பிரதிநிதியாக வேறொரு பொருளைத் தேடும் அவசியம் அவ்வளவாக எழுவதில்லை என்று ஊகிக்க இடமுண்டு.

வயதுக்கேற்ப இவ்வர்த்தங்கள் மாறுவதைச் சிக்காகோ வட்டாரத்தில் 82 குடும்பங்களைச் சேர்ந்த 315 பேரைப் பேட்டி கண்டு சிக்சென்ட்மிஹாயியும் ராச்பெர்க்-ஹால்டனும் 1981-இல் வெளியிட்ட நூல் காட்டுகிறது. வீட்டில் உங்களுக்கு அருமையான பொருள் எது என்று கேட்டபோது, இளையோர் பாட்டுப் பெட்டி முதலிய, தாம் ஏதேனும் செய்வதற்கு உதவும் பொருள்களைக் கூறினர். முதியோர் புகைப்படம் முதலிய, பார்த்து நினைத்திருப்பதற்கு உரியவற்றைக் கூறினர். அருமைக்குக் காரணம் விலையாகவோ அழகாகவோ இருந்தது மிகச் சிலரிடமே. பெரும்பாலோர் அப்பொருளோடு பிணைந்த ஒரு மனிதரையோ காலத்தையோ காரணமாகச் சொன்னார்கள்.

உடைமை என்ற எண்ணமே சூழ்நிலையால் எவ்வளவு வேறுபடும் என்பதற்குத் தான்சானியாவின் ஹட்சா வேட்டுவர்கள் சாட்சி. ஒரு பொருள் கைக்கு வந்துவிட்டால், வராத பொருளைவிட அதற்கு மதிப்பு கூடிவிடுவது மனித இயல்பு என்று பொருளாதார அறிஞர் எழுதிவந்தனர். அபிசெல்லாவும் பிறரும் 2014-இல் வெளியிட்ட ஆராய்ச்சியில், இரு வகைத் தீப்பற்றிகளில் அல்லது பிஸ்கோத்துப் பொட்டலங்களில் ஒன்றை ஹட்சாக்களிடம் கொடுத்துவிட்டு, வேண்டுமானால் மாற்றிக்கொள்ளலாம் என்றார்கள். சந்தைக்கும் சுற்றுலாப் பயணிகளுக்கும் அருகே வாழ்ந்தவர்கள் கைக்கு வந்ததையே பெரும்பாலும் விடாமல் வைத்துக்கொண்டனர். தொலைவில், கிடைத்ததைப் பகிர்ந்து உண்ணும் வாழ்க்கை குலையாமல் வாழ்ந்தவர்களிடம் அந்தப் பற்று தென்படவில்லை. ஒரே குலம், ஒரே மொழி. இடையே வந்தது சந்தை ஒன்றுதான்.

நிலமும் சமூகமும்

நிலமே வஸ்துக்களுக்கு இடமும் அர்த்தமும் தருகிறது என்னும் எண்ணத்தை, இலக்கிய விதியாக வகுத்த பெருமை தொல்காப்பியத்துக்கு உண்டு. தெய்வம், உணவு, விலங்கு, மரம், பறவை, பறை, தொழில், யாழ் முதலியவற்றைக் கருப்பொருள் என ஒரு தொகுதியாக்கி, அவற்றைத் திணைதோறும் வேறாக அமைத்தவர்கள், ஒரு பறை குறிஞ்சியில் முழங்கும்போது உணர்த்துவது ஒன்று, நெய்தலில் முழங்கும்போது உணர்த்துவது வேறொன்று என்பதைக் கவிஞனுக்கும் கேட்போனுக்கும் பொதுவான அறிவாகக் கொண்டிருந்தார்கள். கடியலூர் உருத்திரங்கண்ணனார் இயற்றிய பட்டினப்பாலையில் காவிரிப்பூம்பட்டினத்துப் பரதவர் சுறாமீனின் கொம்பை நட்டு அதையே தெய்வமாக வழிபடுகிறார்கள். உள்நாட்டு உழவனுக்கு அக்கொம்பு ஒரு மீனின் எலும்பு. நாள்தோறும் கடலுக்கு உயிரை ஈடுவைப்பவனுக்கு அது கடலின் ஆக்கமும் அழிவும் ஒருங்கே திரண்ட சின்னம்.

இதே தெளிவை ரிவர்ஸ் தோடர்களின் பால்மனைகளில் கண்டார். எருமைப் பாலைக் கறக்கும் கலங்களும், அதைக் கடைந்து பெறும் மோரையும் வெண்ணெயையும் வெளியே கொண்டுசெல்லும் கலங்களும் வெவ்வேறு தூய்மை உடையவை; ஒன்று மற்றதன் இடத்தில் சேரலாகாது. புறத்தோற்றத்தால் மட்டும் இவ்வேற்றுமையை அறிய முடியாது. பால்மனையின் ஆசாரத்தில் பழகியவனே அறிவான். மாலினோவ்ஸ்கி 1922-இல் வெளியிட்ட நூலில் வருணித்த குலா என்னும் பரிமாற்றத்திலும் இதுவே நிகழ்கிறது. நியூகினிக்குக் கிழக்கே உள்ள தீவுகளில் செஞ்சிப்பி மாலைகள் ஒரு திசையிலும் வெண்சிப்பிக் கடகங்கள் எதிர்த்திசையிலும் தீவு தீவாகச் சுற்றிவருகின்றன. அவற்றை அணிவதும் அபூர்வம், நெடுங்காலம் வைத்திருப்பதும் இழுக்கு. எந்தெந்தப் பெருமக்கள் கையில் இருந்து வந்தது என்ற சரித்திரமே ஒவ்வொன்றின் மதிப்பு.

வஸ்துவுக்கும் ஒரு ஜீவிய சரித்திரம் உண்டு என்ற இக்கருத்தை, அர்ஜுன் அப்பாதுரை 1986-இல் பதிப்பித்த தொகுதியில் கோபிடாஃப் விரித்துரைத்தார். ஒரு பொருள் ஒரு காலத்தில் சரக்காகவும், பின்னொரு காலத்தில் விற்கக் கூடாத நினைவுச் சின்னமாகவும், மீண்டும் சரக்காகவும் மாறலாம். 1921 செப்டம்பரில் காந்தியடிகள் மதுரையில் முழு ஆடையை விடுத்து அரையாடை உடுக்கத் தொடங்கியபோது நிகழ்ந்தது இத்தகைய மாற்றத்தின் சிறந்த உதாரணம். வயலில் உழைப்பவன் வேறு வழியின்றி உடுத்த துண்டு, ஒருவர் விரும்பி உடுத்த மாத்திரத்தில் விரதத்தின் அடையாளமாயிற்று. நூலில் ஓர் இழையும் மாறவில்லை.

அர்த்தமும் அதிகாரமும்

இதுவரை கூறியவை யாவும், வஸ்துவுக்கு அர்த்தம் அமைவது யாருக்கும் தீங்கில்லாத ஒரு பழக்கம் என்ற எண்ணத்தை உண்டாக்கக் கூடும். அவ்வெண்ணம் பூர்த்தியானதன்று. தமிழ்நாட்டுத் தேநீர்க் கடைகளில் நெடுங்காலம் நிலவிய இரட்டைக் குவளை முறையை இங்கே நினைக்க வேண்டும். இரு குவளைகளும் தேநீரைத் தாங்குவன. ஒன்று எல்லோருக்கும், மற்றொன்று, சிரட்டையோ தனிக் குவளையோ, தாழ்த்தப்பட்ட மக்களுக்கு என்று ஒதுக்கப்பட்டது. குடித்தவனே அதைக் கழுவி வைக்க வேண்டும் என்ற வழக்கமும் சேர்ந்து, ஒரு கலத்தை அவமானத்தின் கருவியாக்கிற்று. அரசியல் சாசனத்தின் 17-ஆவது பிரிவு தீண்டாமையை ஒழித்தது. 1955-ஆம் ஆண்டின் தீண்டாமைக் குற்றச் சட்டம் இத்தகைய பேதங்களைத் தண்டனைக்குரியவை ஆக்கிற்று. சட்டம் வந்த பின்னும் இவ்வழக்கம் பல கிராமங்களில் நீடித்ததற்குக் காரணம், சட்டம் கடைக்காரனின் செய்கையைத் தொட்டதே ஒழிய, அவனும் அவன் வாடிக்கைக்காரரும் சிறு வயதில் வீட்டுத் திண்ணையில் கற்ற அர்த்தத்தைத் தொடவில்லை என்பதே.

பறையின் வரலாறு இதன் மறுபக்கத்தைக் காட்டுகிறது. சாவுக்கும் ஊர்ச் செய்திக்கும் பறையடிப்பது கட்டாய ஊழியமாக விதிக்கப்பட்ட சமூகத்தில், அதை இனி அடிப்பதில்லை என்று விரதம் பூண்டவர்கள் ஒரு சாரார். அதே பறையைக் கலை மேடைக்கும் உரிமைப் போராட்டத்தின் முன்வரிசைக்கும் கொண்டுவந்தவர்கள் மற்றொரு சாரார். ஒருவருக்கு அது அறுத்தெறிய வேண்டிய தளை. மற்றவருக்கு மீட்டெடுக்க வேண்டிய உடைமை. ஒரே தெருவில், ஒரே அனுபவத்தில் வளர்ந்தவர்கள் ஒரே தோலிசைக் கருவிக்கு நேர்மாறான இரு அர்த்தங்களைக் கொடுத்தார்கள் என்னும்போது, சூழ்நிலை ஒரு பொருளுக்கு ஒரே அர்த்தத்தை விதித்துவிடுகிறது என்ற எளிய சித்தாந்தம் நிலைகுலைகிறது. சூழ்நிலை அவர்களுக்கு முதல் அர்த்தத்தைத் தந்தது. அதற்கு என்ன பதில் சொல்வது என்பதை அவர்களே தீர்மானித்தார்கள்.

முடிவுரை

இவ்வாராய்ச்சிகளைத் தொகுத்து நோக்கின் மூன்று முடிவுகள் தேறுகின்றன. முதலாவது, வளர்ப்பின் செல்வாக்கு புலன்களின் அளவில் சிறிது, உபயோகத்தில் பெரிது, மதிப்பிலும் மரியாதையிலும் மிகப் பெரிது. இரண்டாவது, அச்செல்வாக்கு முதல் அர்த்தத்தின்மேல் செல்லும் அளவுக்குப் பிற அர்த்தங்களின்மேல் செல்வதில்லை. க்பெல்லே குடியானவரிடம் கேள்வியை மாற்றியவுடன் விடை மாறியது இதற்குப் போதிய சான்று. மூன்றாவது, சூழ்நிலை மாறினால் அர்த்தம் மாறுவதற்குத் தலைமுறைகள் வேண்டுவதில்லை. ஹட்சாக்களிடையே சந்தையும், உஸ்பெக் கிராமத்தில் சிறிது காலப் பள்ளியும் அதைச் செய்தன. இவற்றோடு ஓர் எச்சரிக்கையும் சேர்க்கத் தகும். மனோதத்துவப் பரிசோதனைகளில் பெரும்பாலானவை மேல்நாட்டுப் பல்கலைக்கழக மாணவரையே வைத்துச் செய்யப்பட்டவை என்று ஹென்ரிக் முதலிய மூவர் 2010-இல் சுட்டிக்காட்டினர். ஆகவே மனித இயல்பு என்று புத்தகங்கள் கூறுவனவற்றுள் எது இயல்பு, எது அம்மாணவர்களின் வளர்ப்பு என்று பிரித்தறியும் வேலை இன்னும் நிறைய எஞ்சியிருக்கிறது.

இம்முடிவுகள் அறநெறிக்கும் உரியவை. முதலில் தோன்றிய எண்ணத்துக்கு ஒருவன் தன் வளர்ப்பைக் காரணம் காட்டலாம். அது தவறென்று அறிந்தபின் தோன்றும் எண்ணத்துக்கும் அதையே காரணம் காட்டுவானாயின் அதனை ஏற்க நியாயமில்லை. அறிவுரை என்று ஒன்று தேவைப்படுமானால் அது பெரியோரை நோக்கியதாகவே இருக்கும். பெட்டி சாமான் வைப்பதற்கே உரியது என்ற பிடிவாதம் ஐந்துக்கும் ஏழுக்கும் இடைப்பட்ட வயதில் கெட்டிப்படுகிறது என்று பரிசோதனை காட்டுகிறது. இன்ன கலம் இன்னாருக்கே உரியது என்ற பிடிவாதமும் ஏறத்தாழ அவ்வயதிலேயே ஊன்றும் என்று கருத இடமிருக்கிறது. அவ்வாறாயின், வீட்டிலும் பள்ளியின் மதிய உணவு வரிசையிலும் யார் கையிலிருந்து யார் கைக்கு எந்தத் தட்டு செல்கிறது என்பதைக் குழந்தை கண்டு கற்கும் அந்த இரண்டு மூன்று ஆண்டுகளே, சட்டம் எட்டாத இடத்தை எட்டுவதற்குச் சமூகத்துக்குக் கிடைக்கும் மிகச் சுலபமான சந்தர்ப்பம்.